பள்ளியிலிருந்து வந்த சீட்டு

மாலை ஏழு மணி. புனேயில் கட்கிப் பக்கம் எங்கள் வகுப்பு தொடங்கும் நேரம். ஓர் அக்கா அவசரமாக வந்தார். சுருக்குப் பையைத் திறந்தார். நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"தம்பி, பிள்ளைங்க ஸ்கூல்ல குடுத்தாங்களாம். என்ன போட்டிருக்குன்னு பாருப்பா."

நான் கை நீட்டவில்லை. "நீங்களே பாருங்க அக்கா" என்றேன்.

"இது மராத்தி ஆச்சே! நான் படிச்சது தமிழ்தானே?"

அக்கா சொன்னது சரிதான். ஆனால் அவர் இருபது வருடமாகப் புனேயில் இருக்கிறார். மராத்தி பேசுவார். மராத்தி எண் போட்ட பஸ்ஸில் ஏறி இறங்குகிறார். ஆகவே அன்று பாடப் புத்தகத்தை மூடி வைத்தோம். அந்தச் சீட்டையே பாடமாக வைத்துக்கொண்டோம்.

முதலில் எண்களைப் பார்த்தோம். மராத்தி இரண்டும் மூன்றும் நாம் படித்த 2, 3 போலவே இருக்கும். சுழி அதே சுழிதான். ஆனால் சில எண்கள் ஆளை ஏமாற்றும். மராத்தி ஒன்று, நம்முடைய 9 போல இருக்கும். மராத்தி நாலு, நம்முடைய 8 போல இருக்கும். தலைப்பக்கம் மட்டும் திறந்திருக்கும். மராத்தி ஆறு, 3ஐத் திருப்பிப் போட்டது போல இருக்கும். இதை நன்றாக நினைவில் வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அக்காவின் மகன் ஒன்பதாம் வகுப்பு. மகள் பத்தாம் வகுப்பு. இருவருக்கும் ஒரே பள்ளி. பள்ளி ஆண்டு முடியப் போகிறது. அதற்கான செய்திகள்தான் சீட்டில் இருந்தன.

முதல் செய்தி, ஆண்டு விழா. இங்கே அதைக் 'கேதரிங்' என்பார்கள். ஆட்டம், பாட்டு, நாடகம், பரிசு எல்லாம் உண்டு. அடுத்தது 'நிரோப்'. அதாவது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வழியனுப்பும் விழா. அக்காவின் மகள் அதற்குச் சேலை கட்ட வேண்டுமாம். "என் கல்யாணச் சேலையைக் கேக்குறா" என்று அக்கா சிரித்தார்.

மூன்றாவது வரியில்தான் விஷயம் இருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான ஹால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள். பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். பிழை இருந்தால் உடனே பள்ளியில் சொல்ல வேண்டும்.

"இதெல்லாம் அவங்க பாத்துக்க மாட்டாங்களா?" என்று அக்கா கேட்டார்.

நான் என் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

நான் 14ஆம் தேதி பிறந்தவன். என் பிறப்புச் சான்றில் அது மராத்தி எண்ணில் இருந்தது. பள்ளியில் சேர்க்கும்போது எழுதியவர், மராத்தி 4ஐ 8 என்று எழுதிவிட்டார். 14ஆம் தேதி 18ஆம் தேதி ஆகிவிட்டது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. பாரத்தில் கைரேகை வைத்தார். பத்து வருடம் நான் அந்தப் பள்ளியில் படித்தேன். யாரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. பிறகு ஒரு வேலைக்குப் போனேன். ஆதார் அட்டையில் 14 இருந்தது. பள்ளிச் சான்றில் 18 இருந்தது. "எது சரி? திருத்திக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாலே நாள் வித்தியாசம்! திருத்தி வாங்குவதற்குள் அந்த வேலையில் வேறு ஆள் சேர்ந்துவிட்டார்.

பள்ளியின் பெயர் வேண்டாம். எழுதியவர் வேண்டுமென்று செய்யவில்லை. பக்கத்தில் நின்ற யாராவது படித்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அவ்வளவுதான்.

பிள்ளை பள்ளியில் சேரும்போது பெயரும் பிறந்த தேதியும் ஒரு பெரிய பதிவேட்டில் ஏறுகின்றன. அதற்கு ஜெனரல் ரிஜிஸ்டர் என்று பெயர். பின்னால் வரும் காகிதங்கள் எல்லாம் அதைப் பார்த்தே எழுதப்படுகின்றன. பத்தாம் வகுப்புத் தேர்வுப் பாரமும் அப்படித்தான். அந்தப் பாரம் மகாராஷ்டிர மாநிலத் தேர்வு வாரியத்துக்குப் போகிறது. வாரியத்தின் தலைமை அலுவலகம் நம் புனேயில், சிவாஜிநகரில்தான் இருக்கிறது. அங்கிருந்து ஹால் டிக்கெட் வரும். பிறகு மார்க் ஷீட் வரும், சான்றிதழ் வரும். முதல் பதிவில் இருக்கும் பிழை கடைசிக் காகிதம் வரை வரும்.

பள்ளியை விட்டுப் போகும்போது இன்னொரு காகிதம் தருவார்கள். தமிழ்நாட்டில் அதை டி.சி. என்போம். இங்கே 'தாக்லா' என்பார்கள், 'எல்.சி.' என்றும் சொல்வார்கள். பிள்ளையின் பெயர், தாய்மொழி, மதம், சாதி, பிறந்த ஊர், பிறந்த தேதி, படித்த வகுப்பு எல்லாம் அதில் இருக்கும். பிறந்த தேதி எண்ணாலும் இருக்கும், எழுத்தாலும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்துச் சேரும் கல்லூரியில் இந்தத் தாக்லாவைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். கொடுப்பதற்கு முன் இரண்டு மூன்று ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வையுங்கள்.

பிழை இருந்தால் எப்போது திருத்துவது? பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்போதே திருத்துங்கள். பிறப்புச் சான்றைக் காட்டித் தலைமை ஆசிரியரிடம் மனு கொடுக்க வேண்டும். அவர் அதைக் கல்வி அதிகாரிக்கு அனுப்பி அனுமதி வாங்குவார். பள்ளியை விட்ட பிறகு திருத்துவது கஷ்டம். விதியே அப்படித்தான் இருக்கிறது. ஆனால் 2019இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வெளிப்படையாகத் தெரியும் எழுத்துப் பிழையைப் பள்ளியை விட்ட பிறகும் திருத்தலாம் என்றது. என்றாலும் அலைச்சல் அலைச்சல்தானே? நான் அலைந்தவன், அதனால் சொல்கிறேன்.

தேதிக்கு அடுத்து பெயர். இதில் தமிழர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு.

மகாராஷ்டிரத்தில் பெயரை மூன்றாக எழுதுவார்கள். முதலில் குடும்பப் பெயர். அதை 'ஆட்நாவ்' என்பார்கள். அடுத்து பிள்ளையின் பெயர். கடைசியில் அப்பா பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? நமக்கு இனிஷியல்தான். முருகன் என்பவரின் மகள் செல்வி என்று வைத்துக்கொள்வோம். ஊரில் என்றால் மு. செல்வி. கதை முடிந்தது. இங்கே ஆட்நாவ் எங்கே என்று கேட்பார்கள். சிலர் அப்பா பெயரையே போடுகிறார்கள். 'முருகன் செல்வி முருகன்' என்று வரும். முன்னால் ஒரு முருகன், பின்னால் ஒரு முருகன்! சிலர் தாத்தா பெயரைப் போடுகிறார்கள். சிலர் ஊர்ப் பெயரைப் போடுகிறார்கள். சிலர் சாதிப் பெயரைப் போடுகிறார்கள்.

எதைப் போடுவது என்பது உங்கள் விருப்பம். ஆனால் ஒன்றையே போடுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் அதையே போடுங்கள். ஆதாரிலும், ரேஷன் கார்டிலும், பள்ளியிலும் அதுவே இருக்கட்டும். எங்கள் வகுப்பில் ஓர் அண்ணனுக்கு மூன்று பிள்ளைகள். மூன்று பேருக்கும் மூன்று ஆட்நாவ்! காகிதத்தை மட்டும் பார்த்தால் அவர்கள் அண்ணன் தம்பி என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

அம்மா பெயரும் மார்க் ஷீட்டில் தனியாக வரும். உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் வேண்டாம். ஆதாரில் உள்ள பெயர்தான் வேண்டும்.

அக்கா கேட்டார், "மார்க்கு எப்படிப்பா பாக்குறது? போன வருஷம் பக்கத்து வீட்டுப் பொண்ணு ஆறு பரீட்சை எழுதுச்சு. ஐந்நூறுக்குத்தான் கணக்குச் சொல்றாங்க. மீதி நூறு எங்க போச்சு?"

நல்ல கேள்வி. பாடங்கள் ஆறு. மூன்று மொழி, கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். ஒவ்வொன்றுக்கும் 100 மார்க். ஒவ்வொன்றிலும் 35 வாங்கினால் பாஸ். ஆறிலும் பாஸாக வேண்டும். ஆனால் சதவீதம் கணக்குப் போடும்போது, அதிக மார்க் வாங்கிய ஐந்து பாடங்களை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். பிள்ளைக்கு நல்லதுதான். நூறு எங்கும் போய்விடவில்லை.

2025இல் தேர்வு பிப்ரவரி 21 அன்று தொடங்கியது. ரிசல்ட் மே 13 அன்று வந்தது. நூற்றுக்கு 94 பேர் பாஸ். மீதிப் பிள்ளைகள் வீட்டில் அன்று எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு. அவர்களுக்கும் வழி இருக்கிறது. முன்பெல்லாம் பெயிலானால் அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். 2015 முதல் அப்படி இல்லை. ரிசல்ட் வந்த சில வாரங்களிலேயே மறு தேர்வு எழுதலாம். ஒன்றிரண்டு பாடத்தில் போயிருந்தால், பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்துகொண்டே அதை எழுதி முடிக்கலாம். ஆகவே ரிசல்ட் அன்று பிள்ளையைத் திட்டாதீர்கள். தனியாகவும் விடாதீர்கள்.

பாஸானவர்கள் எங்கே போவார்கள்? பதினொன்றாம் வகுப்பில் கலை, வணிகம், அறிவியல் என்று மூன்று பிரிவு உண்டு. கம்ப்யூட்டர் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். சீக்கிரம் வேலை வேண்டும் என்பவர்கள் ஐ.டி.ஐ.யில் சேரலாம். அவுந்தில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. வெல்டர் படிப்பு ஒரு வருடம். பிட்டர், எலக்ட்ரீஷியன் இரண்டு வருடம். சிவாஜிநகர்ப் பக்கம் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. அங்கே டிப்ளமோ மூன்று வருடம். எங்கே போனாலும் முதலில் கேட்பது மார்க் ஷீட்டும் தாக்லாவும்தான்.

அக்கா சீட்டை மடித்துப் பையில் வைத்தார். போகவில்லை. உட்கார்ந்தே இருந்தார்.

"தம்பி, நான் ஊர்ல அஞ்சாவது வரைக்கும் போனேன். அப்புறம் எழுத்தெல்லாம் மறந்தே போச்சு. இப்பத்தான் திரும்ப வருது. என்னை மாதிரி ஆளுங்க பத்தாவது எழுத முடியுமா?"

முடியும். மகாராஷ்டிர வாரியத்தில் அதற்குத் தனிப் பாரம் இருக்கிறது. அதற்கு 17ஆம் எண் பாரம் என்று பெயர். பள்ளிக்குப் போகாதவர்கள் நேராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவதற்கான பாரம் அது. ஐந்தாம் வகுப்புப் பாஸாகியிருக்க வேண்டும். 14 வயது ஆகியிருக்க வேண்டும். மேல் வயதைப் பற்றிக் கவலை இல்லை. பள்ளிக்கூட டி.சி., ஆதார், போட்டோ வேண்டும். பக்கத்தில் உள்ள உயர்நிலைப் பள்ளியில் விசாரித்தால் சொல்வார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. தேசிய திறந்தநிலைப் பள்ளி 1989 முதல் நடக்கிறது. மத்திய அரசின் அமைப்பு அது. அங்கே தமிழிலேயே பத்தாம் வகுப்பு எழுதலாம். எல்லாப் பாடத்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொன்றாக எழுதி முடிக்கலாம். பாஸ் மார்க் 33.

பெரியவர்கள் வேலை முடிந்து இரவில் படிப்பது நம் புனேக்குப் புதிதல்ல. 1848இல் ஜோதிராவ் புலேயும் அவர் மனைவி சாவித்ரிபாயும் பெண் குழந்தைகளுக்காக இங்கே பிடே வாடாவில் ஒரு பள்ளி தொடங்கினார்கள். 1855இல் கூலி வேலை செய்பவர்களுக்கும் விவசாயிகளுக்கும் தங்கள் வீட்டிலேயே இரவுப் பள்ளி நடத்தினார்கள். பகலெல்லாம் உழைத்தவர்கள் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுத்துப் படித்தார்கள்.

மறுநாள் அக்கா ஒரு பழைய காகிதத்தோடு வந்தார். தகரப் பெட்டியின் அடியில் இருந்ததாம். மடிப்பில் கிழிந்திருந்தது. அவருடைய சொந்த டி.சி.! தமிழில் இருந்தது. இத்தனை வருடமாக வைத்திருந்தும் அவர் அதைப் படித்ததில்லை.

விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பெயர் வந்தது. அப்பா பெயர் வந்தது. ஐந்தாம் வகுப்பில் தேர்ச்சி என்று வந்தது. பிறந்த தேதியில் விரல் நின்றது. எண்ணால் ஒரு தடவை படித்தார். எழுத்தால் ஒரு தடவை படித்தார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பிறகு விரல் விட்டுக் கணக்குப் போட்டார்.

"அடப்பாவமே! எனக்கு இன்னும் நாப்பதே ஆகலையா?" என்றார்.