பத்து வெள்ளியை யாரை நம்பிக் கொடுப்பது?

பெரட்டுக் களம் – 9

வார இறுதியில் கோப்பெங் பக்கம் போனால் கம்பார் ஆற்றில் ஒரே கூச்சலாக இருக்கும். ஒரே நிறத்தில் டி-சர்ட் போட்ட ஏழெட்டுப் பேர் ரப்பர் படகில் துடுப்புப் போட்டபடி வருவார்கள். கம்பெனி செலவில் வந்தவர்கள். கூடி வேலை செய்யப் பழக வேண்டுமாம், அதிலிருந்து நாளைய தலைவர்கள் முளைக்க வேண்டுமாம். ஈப்போவின் சிலிபினில் எங்கள் தெருப் பையன் ஒருவனும் போய் வந்தான். எப்படி இருந்தது என்று கேட்டேன். "படகு கவுந்துருச்சு அங்கிள். மேனேஜர்தான் முதல்ல கரையேறினாரு" என்றான்.

அவனுடைய தாத்தா ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுக்காரர். அந்தக் காலத்துத் தோட்டத்தில் தலைமைப் பயிற்சி என்று யாரும் யாருக்கும் கொடுத்ததில்லை. தலைவர்கள் எப்படியோ உருவானார்கள். எப்படி என்பதுதான் இந்த வாரத்துக் கதை.

தோட்டத்தில் அதிகாரத்துக்குப் பஞ்சமே கிடையாது. மேலே தோட்டத்து மேலாளரான துரை, அவருக்குக் கீழே கணக்கெழுதும் கிராணி, அப்புறம் ஆட்களை மேய்க்கும் மண்டோர். அதற்கும் முந்திய தலைமுறையில் கங்காணி. கங்காணி தன் சொந்த ஊருக்கே போய், சொந்தக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் கப்பலேற்றிக் கூட்டி வந்தவர். அவர் கூட்டி வந்த ஆட்களில் அன்றைக்கு வேலைக்கு இறங்கிய ஒவ்வொருவருக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. உறவுமுறை சொல்லிக் கூப்பிடும் வாய்தான் காய்ச்சலில் படுத்தவனையும் எழுப்பி வேலைக்கு விரட்டும், ஏனென்றால் அவன் வராவிட்டால் இவருக்குக் காசு இல்லை. 1938-இல் இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புவதை நிறுத்தியதோடு அந்த முறை ஓய்ந்தது. ஆனால், உறவை வைத்துக் கட்டிய அதிகாரம் எவ்வளவு கசக்கும் என்பதை நம் மக்கள் அதற்குள் நன்றாகவே தெரிந்துகொண்டிருந்தார்கள். பின்னால் வந்தவர்கள், நல்லவர்கள் உட்பட, அந்தச் சந்தேகத்தைத் தாண்டித்தான் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குள் நுழைய வேண்டியிருந்தது.

சிலிபினில் மகன் வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவரோடு அடிக்கடி பேசுவேன். எண்பதைத் தாண்டியவர், ஈப்போவுக்கு வடக்கே ஒரு தோட்டத்தில் மண்டோராக இருந்தவர், விடியற்காலைப் பெரட்டில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர். இப்போது அந்தத் தோட்டமும் இல்லை, லயமும் இல்லை.

"நான் பேர் கூப்பிட்டா கை தூக்குவாங்க. பெரட்டு முடிஞ்சா என் பேச்சும் முடிஞ்சிரும், தம்பி" என்றார்.

"அப்புறம் யார் பேச்சைத்தான் ஐயா கேப்பாங்க?"

"எங்க லயத்துல ஒரு அக்கா இருந்துச்சு. படிப்பு கெடையாது. கைநாட்டு."

அவர் சொன்னது புரிய வேண்டுமானால் பால்வெட்டு தெரிந்திருக்க வேண்டும். விடிவதற்கு முன்பே மரத்தில் கத்தி படவேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பட்டையை மட்டும் சீவ வேண்டும். உள்ளே மரத்தில் காயம் பட்டால் மண்டோரிடம் ஏச்சு நிச்சயம். ஒருவருக்கு நானூறு, ஐந்நூறு மரங்கள் கொண்ட நிரை. வெட்டி முடித்ததும் இரண்டு மூன்று மணி நேரம் பால் சொட்டி மங்கு எனும் கிண்ணத்தில் நிறையும். பிறகு மரம் மரமாகப் போய் மங்குகளை வாளியில் கவிழ்த்து, காண்டாத் தடியில் இரண்டு வாளிகளையும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து ஸ்டோருக்குப் போக வேண்டும். அங்கே கிராணி அளந்து எழுதுவார். ஏட்டில் விழுகிற எடைதான் கூலி.

வெட்டுக்கும் பால் எடுப்புக்கும் நடுவே மழை வந்தால் எல்லாம் போச்சு. பட்டை வழியே தண்ணீர் இறங்கி மங்கில் இருக்கும் பாலை அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் வானம் கறுத்தால் ஆளாளுக்குத் தலைதெறிக்க ஓடுவார்கள். அவரவர் நிரை, அவரவர் வாளி.

"அந்த அக்கா தன் மங்கையெல்லாம் எடுத்து முடிச்சிட்டு, ஸ்டோருக்குப் போகாது. நேரா புள்ளத்தாச்சிப் பொண்ணு நெரைக்கு ஓடும். மங்கை எடுத்து அவ வாளியிலயே ஊத்தும். அந்த எடை அவ பேர்லதான் விழும். நான் மண்டோர், பாத்துக்கிட்டுத்தானே இருப்பேன். ஏட்டுல அதை எங்க எழுதுறது?"

கிராணியின் ஏட்டில் இடம் இல்லாத அந்த வேலைக்கு லயத்தில் கணக்கு இருந்தது. சம்பள நாளில் கூட்டு, அதாவது முறை வைத்து எடுக்கும் சீட்டு, பிடிப்பது அந்த அக்காதான். பத்து வீட்டுக் காசும் அவர் முந்தானையில். ஆயக்கொட்டகையில் குழந்தைக்குச் சரியாகப் பால் கொடுக்கவில்லை என்றால் துரையிடம் போய்ச் சொல்லவும் அவரையே முன்னால் தள்ளினார்கள். எந்தக் கூட்டத்திலும் யாரும் அவரைத் தேர்ந்தெடுத்ததில்லை. தான் தலைவி என்று அவர் நினைத்திருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம்தான்.

இந்தப் பின்னணியோடு 1950-களுக்கு வருவோம். நாடு விடுதலை பெறுகிற நேரம். வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பத் தொடங்கின. வாங்கியவர்கள் பலரும் வியாபாரிகள். தோட்டத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி விற்றால் லாபம். தோட்டத் துண்டாடல் என்று நம் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதியது இதைத்தான். உங்கு அப்துல் அசிஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகம் இதைப் பற்றி ஆய்வே நடத்தியது. ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வாங்கியவருக்குக் கூலியாள் எதற்கு, லயம் எதற்கு, ஆயக்கொட்டகை எதற்கு? வேலையோடு வீடும் போனது. மூன்று தலைமுறை ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் சாமான்களை லோரியில் ஏற்றினார்கள்.

தோட்டத்தைத் தொழிலாளியே வாங்கிவிட்டால் என்ன என்ற யோசனையோடு 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. முன்னின்றவர் வீ.தி. சம்பந்தன். 1919-இல் நம் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர், ரப்பர் தோட்டம் வைத்திருந்தவரின் மகன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அப்போது அமைச்சர், மலேசிய இந்தியர் காங்கிரசாக இன்று நாம் அறியும் கட்சியின் தலைவர். ஆளுக்குப் பத்து வெள்ளி போடுங்கள், சேர்ந்து வாங்குவோம் என்று தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார்.

இன்றைக்குப் பத்து வெள்ளி என்றால் ஒரு நாசி லெமாக்கும் ஒரு தே தாரிக்கும். அன்றைக்கு அது சில நாள் கூலி. லயத்துக்காரர்களுக்கு வெளியாள் யாரிடமும் காசைக் கொடுத்துப் பழக்கமில்லை. அமைச்சர் வந்து பேசினால் மாலை போடுவார்கள், கை தட்டுவார்கள். மடியை அவிழ்ப்பார்களா?

"மந்திரி சொன்னாருன்னு ஒருத்தனும் காசை எடுக்கல, தம்பி. அக்கா போட்டுச்சான்னு கேட்டாங்க. போட்டுச்சு. அப்புறம் வரிசையா வந்துச்சு."

ஒரு லயத்துக் கதையை வைத்து நாடு முழுவதற்கும் தீர்ப்புச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் எனக்கு இதில் பெரிய ஐயம் இல்லை. சம்பந்தனின் பேச்சு தோட்டத்து வாசல் வரை வந்தது. அங்கிருந்து சமையல்கட்டு வரை அதைக் கொண்டுபோனவர்கள் மழை நாளில் அடுத்தவர் நிரைக்கு ஓடியவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு லயத்திலும் ஓரிருவர் இல்லாமல் போயிருந்தால், பத்துப் பத்து வெள்ளியாகத் தோட்டம் வாங்கும் அளவுக்குப் பணம் சேர்ந்திருக்காது. முதலில் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கினார்கள். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பல தோட்டங்கள். கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தன் என்று உயர்ந்து நிற்பது அந்தச் சங்கத்தின் கட்டடம்தான்.

கூட்டுறவு என்பது ஏதோ புதுச் சரக்கு அல்ல. 1844-இல் இங்கிலாந்தின் ரோச்டேல் ஊரில் 28 பேர் காசு போட்டுக் கடை வைத்தார்கள். ஒருவருக்கு ஒரு ஓட்டு என்ற விதியை உலகம் பிடித்துக்கொண்டது அங்கிருந்துதான். மலாயாவிலும் 1922-இலேயே கூட்டுறவுச் சட்டம் உண்டு. சில தோட்டங்களில் சிக்கன நாணயச் சங்கங்களும் நடந்தன. அங்கே பேரேடு எழுதிப் பழகியவர்கள் பின்னால் பெரிய வேலைக்குக் கைகொடுத்தார்கள்.

நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றிப் புகழ் பாடி நிறுத்தினால் அது அரைக் கதை. கூட்டுறவு வாங்கிய தோட்டத்திலும் மேனேஜர் இருந்தார், கிராணி இருந்தார், விடியற்காலையில் பெரட்டும் இருந்தது. பங்கு வைத்திருந்தவரே அங்கே பால் வெட்டினார். உடைமை கைக்கு வந்தது. வேலைக்களத்து ஏணியில் பெரிய மாற்றம் வரவில்லை. அந்த ஏணியையும் மாற்றத் துணிந்திருக்கலாம் என்பது என் கருத்து. அன்றைய நெருக்கடியில் வீடும் வேலையும் தப்பினால் போதும் என்று நினைத்தவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

சம்பந்தனையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்சிக்குள் அவருக்கும் உடன் இருந்த தலைவர்களுக்கும் உரசல் முற்றி, 1973-இல் தலைமையை விட்டு விலகினார், வீ. மாணிக்கவாசகம் அந்த இடத்துக்கு வந்தார். அதே மனிதர் வளர்த்த கூட்டுறவு 1979-இல் அவர் மறைந்த பிறகும் நின்றது. துணைவியார் உமா சம்பந்தன் தலைமைப் பொறுப்பேற்றார், கே.ஆர். சோமசுந்தரம் நெடுங்காலம் அதைக் கட்டிக் காத்தார். ஒருவருக்கே இரண்டு இடத்தில் இரண்டு விதப் பலன். தலைமைக் குணம் ஆளோடு பிறப்பது என்று மேடையில் பேசுகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று கேட்க ஆசை. கட்சியில் அவரைச் சுற்றி இருந்தவர்களுக்கு அவருடைய நாற்காலி மேல் கண். கூட்டுறவில் சுற்றி இருந்தவர்களுக்குத் தங்கள் பத்து வெள்ளி மேல் கண். இரண்டாவது வகை ஆட்களோடு வேலை செய்வதுதான் ஒருவரை ஒழுங்காக வைத்திருக்கும் போலிருக்கிறது.

இதற்கு எதிர்மாறான கதையும் உண்டு. 1982-இல் அதே கட்சி தொடங்கிய முதலீட்டு நிறுவனமான மைக்கா ஹோல்டிங்ஸ் வந்தது. சுமார் 66,000 இந்தியர்கள், ஏறத்தாழ 10 கோடியே 60 லட்சம் வெள்ளி. நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கிய குடும்பங்கள் உண்டு. 2010-இல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு தருவதாக ஒரு தரப்பு முன்வந்தபோது, அதுவாவது வருகிறதே என்று வரிசையில் நின்றார்கள். இருபத்தெட்டு வருடம்! பணம் போட்டவர்கள் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். தாப்பாவில் போட்டவருக்குத் தைப்பிங்கில் போட்டவர் யாரென்று தெரியாது. தலைவரைப் பார்க்க ஆண்டுப் பொதுக்கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். பேரேட்டைக் காட்டு என்று கேட்க அங்கே அக்கா யாரும் இல்லை.

இப்போது சிலிபினுக்கு வருகிறேன். தோட்டம் இழந்து ஈப்போவுக்கு வந்த குடும்பங்கள் இங்கும் புந்தோங்கிலும் மெங்களம்பு பக்கமும் சிதறிக் குடியேறின. முன்பு ஒரே நிரையில் வேலை செய்தவர்கள் இப்போது ஆளுக்கொரு பட்டறை, ஆளுக்கொரு ஷிப்ட். பக்கத்து வீட்டுக்காரர் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார்கள். கூட்டு மட்டும் விடவில்லை. 1971-லேயே கூட்டுப் பிடிப்பதைத் தொழிலாக நடத்தக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் சமையல்கட்டுகளில் பேச்சு ஓயவில்லை. ஓடிப்போன கூட்டுத் தலைவியின் கதையும் தெருவுக்கு ஒன்று உண்டு.

எங்கள் லூர்து மாதா கோயில் திருவிழாவுக்குப் பிப்ரவரியில் வேலை பார்க்கும் ஆட்களைக் கவனித்திருக்கிறேன். பந்தல், சமையல், வண்டி நிறுத்தம், குப்பை. குப்பை பொறுக்க நிற்கிற இளைஞர்களைத்தான் நான் பெயர் கேட்டு வைத்துக்கொள்வது. அடுத்த பத்து வருடத்தில் தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலோ, மரண சகாயச் சங்கத்திலோ பொருளாளராக அவர்களில் ஒருவர் வந்து நிற்பார். மைக் பிடித்து அறிவிப்புச் செய்கிறவர் வேறு எங்காவது போயிருப்பார். படகில் போய் வந்த அந்தப் பையனும் போன வருடம் வண்டி நிறுத்தத்தில்தான் நின்றான். மழையில் நனைந்துகொண்டே ஒரு பாட்டிக்காகக் குடை பிடித்து நடந்ததை அவன் மேனேஜர் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

கூடி நிற்பது எப்போதும் சாதுவாகவே இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். 1946-47-இல் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் ஏ.எம். சாமியோடு சேர்ந்த தோட்டத்து இளைஞர்கள் தொண்டர் படை என்ற பெயரில் கள்ளுக்கடைக்கு எதிராகக் கிளம்பினார்கள். அவர்களையும், போலீசார் அவர்களை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதையும் அடுத்த வாரம் எழுதுகிறேன்.