தேனீ தேனீக்குச் சொல்லும் வழி

கிராமத்துத் தோப்பில் தேனீக்கள் மொய்ப்பது வியப்பன்று. சென்னை மாநகரில் மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர் போன்ற பகுதிகளில், ஆயிரம் கூரைகளுக்கிடையே எங்கோ ஒரு புங்கமரம் பூத்தால், சிறிது நேரத்தில் அங்கும் கூட்டம் கூடிவிடுகிறதே, அது எவ்வாறு?

முதலில் பூவைக் கண்டுவந்த தேனீ, அடையின்மீது ஆடிக் காட்டுகிறது. வாலை அசைத்துக்கொண்டு நேராக ஓடி, வளைந்து திரும்பி, மறுபடியும் ஓடுகிறது. நேர் மேலே ஓடினால் 'சூரியன் இருக்கும் திசை' என்று பொருள். காலையில் சூரியன் கிழக்கே உள்ளது; மரம் தெற்கே என்று வைத்துக்கொள்வோம். கிழக்கு நோக்கி நிற்பவருக்குத் தெற்கு வலக்கைப் புறமல்லவா? ஆகவே தேனீயும் வலப்புறமாக ஓடுகிறது. ஓட்டம் நீடித்தால் தூரம் அதிகம். பூவின் மணத்தையும் தேனின் சுவையையும் உடன் தொடரும் தேனீக்கள் அதனிடமே அறிந்துகொள்கின்றன.

இம்மொழியைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷ் 1973-இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டவர் 1950-களில் இலங்கைக்கு வந்து நம் நாட்டுத் தேனீக்களையே ஆராய்ந்தார். புதரில் ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீ, அடையின் தட்டையான உச்சியில் ஆடிப் பூ இருக்கும் திசையை நேராகவே சுட்டுகிறது. பெட்டியைத் திறவாமலே நாம் காணக்கூடிய ஆட்டம் இது.

பெட்டியில் வளர்க்கும் அடுக்குத்தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே மேய்கிறது. அடையாற்றில் வைத்த பெட்டிக்குத் தியாகராய நகர்ப் பூவால் பயனில்லை. மலைத்தேனீ வெகுதொலைவு செல்லும். ஒரே தூரத்தைச் சொல்ல அடுக்குத்தேனீ அதைவிட நீண்ட நேரம் ஆடுகிறது என்று தென்னிந்தியாவில் நடந்து 2020-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது.

விவசாயிகள் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பூத்து நிற்கும் எள்ளிலோ சூரியகாந்தியிலோ பகலில் பூச்சிமருந்து அடித்தால், அவ்வயலை முன்பே அறிந்து ஆடிய தேனீ கூட்டத்தையே நஞ்சுக்கு அனுப்பிவிடும். தேன் எங்கே என்று சொல்லத் தெரிந்த தேனீக்கு நாம் தெளித்ததைச் சொல்லத் தெரியாது. பூக்கும் காலத்தில் மருந்தைத் தவிர்ப்பதே நலம். தவிர்க்க முடியாதபோது, தேனீக்கள் கூடு திரும்பியபின் மாலையில் தெளிக்கலாம். தெளிக்கும் நாளைப் பெட்டி வைத்திருப்போருக்கு முன்னதாகவே தெரிவிக்கும் பொறுப்பை ஊராட்சி ஏற்கலாம். அவர்கள் பெட்டியை இரவில் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுசெல்லவேண்டும். அருகிலேயே மாற்றி வைத்தால், மேயச் சென்றவை பழைய இடத்திற்கே திரும்பிவந்து கூடின்றித் தவிக்கும்.