இரண்டு ஒயரும் அறுபது ஓமும்

பொக்லைன் ஓடிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் சத்தத்தில் குறையில்லை. ஆனால் கேபின் மானிட்டரில் ஆர்.பி.எம். காணோம், ஆயில் பிரஷர் காணோம், டெம்பரேச்சர் முள் படுத்துவிட்டது. த்ராட்டில் டயலைத் திருப்பினாலும் எஞ்சின் காது கொடுப்பதில்லை. ‘சென்சார் போச்சு’ என்று முடிவுகட்டி, புதுசு வாங்கி மாட்டுவதும் நடக்கிறது. மூன்று சென்சார் ஒரே நொடியில் சாகுமா? சாகாது. அவை சொல்லும் சேதிதான் மானிட்டருக்கு வந்து சேரவில்லை.

இன்றைய கனரக இயந்திரம் ஒன்றில் எஞ்சினுக்கு ஒரு கன்ட்ரோலர், ஹைட்ராலிக் பம்புக்கு ஒன்று, மானிட்டருக்கு ஒன்று என்று பல சிறு கணினிகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு சேதிக்கும் தனி ஒயர் இழுத்தால் கட்டு தொடை தடிமனுக்கு வந்துவிடும். ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1983இல் தொடங்கி, 1986இல் டெட்ராய்டில் அறிமுகம் செய்த ‘கேன்’ என்ற முறை இதற்கு வழி சொன்னது: இரண்டே ஒயர், எல்லாரும் அதிலேயே பேசட்டும். கார்களுக்காகப் பிறந்த இந்த முறையின்மேல் எழுதப்பட்ட ஜே1939 என்ற விதிமுறைதான் லாரியிலும் பொக்லைனிலும் லோடரிலும் ஓடுகிறது.

அந்த இரண்டு ஒயரில் ஒன்று ‘ஹை’, இன்னொன்று ‘லோ’. பேச்சில்லாத நேரத்தில் இரண்டிலும் சுமார் 2.5 வோல்ட். பூஜ்யம் அனுப்பும்போது ஹை 3.5க்கு ஏறும், லோ 1.5க்கு இறங்கும். கேட்கும் பக்கம் கவனிப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் கிளப்பும் இரைச்சல், முறுக்கிப் போட்ட இரண்டு ஒயரிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறுவதால், கழித்துப் பார்க்கும்போது மறைந்துவிடுகிறது. அறுந்த ஒயரை ஒட்டுப்போடுகிறவர் அந்த முறுக்கைப் பிரித்து நீளமாக விட்டுவிட்டால் இந்தப் பாதுகாப்பு போச்சு.

இந்த ஒயருக்குத் தலைவர் கிடையாது. இரண்டு கன்ட்ரோலர்கள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால், ஒருவர் பூஜ்யமும் மற்றவர் ஒன்றும் அனுப்பும் இடத்தில் பூஜ்யமே ஒயரில் நிற்கும். ஒன்று அனுப்பியவர் அதைக் கவனித்து அந்தக் கணமே விலகிக்கொள்வார். ஜெயித்த சேதியில் ஒரு பிட்கூடக் கெடாது. அவசரச் சேதிகளுக்குச் சிறிய எண் கொடுத்திருப்பதால் அவை தானாகவே முந்துகின்றன. எனக்கு இதைவிடப் பிடித்தது தவறுக்கான கணக்கு. அனுப்பியது பிழையானால் அந்தக் கன்ட்ரோலர் தன் பெயரில் எட்டு புள்ளி ஏற்றிக்கொள்ளும். சரியாகப் போனால் ஒன்றே ஒன்று குறையும். கணக்கு 255ஐத் தாண்டினால், கோளாறு தன்னிடம்தான் என்று எடுத்துக்கொண்டு அது ஒயரிலிருந்து விலகிவிடும். மற்றவர்கள் பேச்சைக் கெடுக்கக் கூடாதல்லவா!

கோளாறு தேடுகிறவர் தலைகீழாக யோசிக்க வேண்டியிருப்பது இதனால்தான். விலகிப்போன கன்ட்ரோலரால் ஒயரில் எதையும் சொல்ல முடியாது. மற்றவர்கள்தான் அதைப்பற்றிப் புகார் எழுதுவார்கள். டயக்னாஸ்டிக் டூலில் 190 என்ற எண்ணும் பக்கத்தில் 9 என்ற எண்ணும் வந்தால், 190 என்பது எஞ்சின் வேகம், 9 என்பது ‘சேதி உரிய நேரத்தில் வரவில்லை’. வேக சென்சாரைக் கழற்ற இது காரணமாகாது. எல்லாரும் யாரைப்பற்றிப் புகார் சொல்கிறார்கள், யார் டூல் காட்டும் பட்டியலிலேயே இல்லை என்று பார்த்தால், எந்தக் கன்ட்ரோலரின் பவர், எர்த், ஒயரை முதலில் சோதிப்பது என்பது தெரிந்துவிடும்.

ஒயரைச் சோதிக்க லேப்டாப்கூட வேண்டாம். வாய்க்காலில் எழும் அலை கரையில் மோதித் திரும்புவதுபோல, ஒயரின் முனையைத் தொட்ட சிக்னலும் திரும்பி வந்து பின்வரும் பிட்டைக் குழப்பும். அதைத் தடுக்க இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று வைக்கிறார்கள். இரண்டும் பக்க இணைப்பில் இருப்பதால் மொத்தம் 60. பேட்டரியைத் துண்டித்துவிட்டு, ஒன்பது பின் டயக்னாஸ்டிக் கப்ளரில் சி, டி ஆகிய பின்களில் சாதாரண மல்டிமீட்டரை வைத்தால் 60ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது ஒரு ரெசிஸ்டர் இல்லை. 40 என்றால் யாரோ மூன்றாவதாக ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றால் இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 120 வந்தால் அடுத்த வேலை, பிரதான ஒயரின் நடுவே உள்ள ஒரு கப்ளரைப் பிரித்து இரு பக்கமும் தனித்தனியே அளப்பது. ஒவ்வொரு பாதியும் 120 காட்ட வேண்டும். காட்டாத பாதியில் கோளாறு. அதையும் பாதியாக்கு. சில அளவீடுகளில், பத்து மீட்டர் ஹார்னஸில் எலி கடித்த இடத்துக்கோ, உரசி அறுந்த இடத்துக்கோ வந்துவிடலாம்.

ஆனால் 60 வந்ததும் ஒயர் நல்லது என்று எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. ஒட்டுப்போட்டவர் ஹையையும் லோவையும் மாற்றி இணைத்திருந்தாலும் 60தான் காட்டும். ஒரு ஒயர் பாடியில் உரசி எர்த் ஆகியிருந்தாலும் அப்படியே. ஆகவே அடுத்து சாவியைப் போட்டு, ஒவ்வொரு ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் பார்க்க வேண்டும். பேச்சு நடக்கும்போது ஹை 2.5க்குச் சற்று மேலேயும், லோ சற்றுக் கீழேயும் நிற்கும். இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 5. ஒன்று பூஜ்யத்தில் கிடந்தாலோ 24ஐ நோக்கி ஏறினாலோ காரணம் ஷார்ட்தான்.

இதிலெல்லாம் சிக்காத கோளாறுதான் அதிகம் படுத்துகிறது. “சாவிய ஆஃப் பண்ணிப் போட்டா சரியாயிடுதுங்க” என்பார் ஆபரேட்டர். உண்மைதான்: பிழைக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால் விலகிய கன்ட்ரோலர் திரும்பி வந்துவிடும். கப்ளருக்குள் அதிர்வில் தேய்ந்த பின்னும், வாட்டர் வாஷில் புகுந்த தண்ணீரால் பச்சை பூத்த டெர்மினலும் அங்கேயே இருக்கும். கண்ணுக்கு எட்டாத வேகத்தில் விட்டுப்போகும் தொடர்பை மல்டிமீட்டரால் பிடிக்க முடியாது, ஆசிலாஸ்கோப்தான் பிடிக்கும். எஞ்சின் சூடேறிய பிறகு அதை மாட்டி, ஹார்னஸை ஒரு முனையிலிருந்து ஜாண் ஜாணாக ஆட்டிக்கொண்டே போகிறார்கள். திரையில் சதுர அலை எந்தக் கப்ளரைத் தொடும்போது சிதறுகிறதோ, அதைத்தான் பிரித்து உள்ளே பார்க்கிறார்கள்.