முயலின் புண்ணும் முயலின் வயிறும்

காயம் பட்ட இடத்தில் புதுச் சதை எப்படி வளர்கிறது என்பதை விஞ்ஞானிகள் நாள் கணக்கில் உட்கார்ந்து பார்த்தது ஒரு முயலின் காதில்தான். 1924இல் ஜே. சி. சாண்டிசன் என்ற ஆய்வாளர் உயிருள்ள முயலின் காது மடலில் துளையிட்டு, ஊடுருவித் தெரியும் சிறு ஜன்னல் ஒன்றைப் பொருத்தினார். ஜன்னலின் மெல்லிய இடைவெளிக்குள் புதுச் சதை வளர்ந்தது. நுண்ணோக்கியை வைத்தால் ரத்த நுண்குழாய்கள் முளைவிட்டு நீள்வதும், ஒன்றோடொன்று சேர்வதும், அவற்றில் ரத்தம் ஓடத் தொடங்குவதும் தெரிந்தன. எலியட் கிளார்க், எலினார் கிளார்க் தம்பதியர் அதற்குப் பின் பல ஆண்டுகள் இதே மாதிரி ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதினார்கள்.

முயலின் காதுக்கு இன்னொரு வித்தையும் தெரியும். மடலின் நடுவே வட்டமாக ஒரு துளையிட்டால், சில வாரங்களில் குருத்தெலும்பு உட்பட வளர்ந்து துளை மூடிக்கொள்ளும். நாயின் காதிலோ ஆட்டின் காதிலோ இட்ட துளை அப்படியே நின்றுவிடும்.

இவ்வளவு திறமையாகப் புண்ணை ஆற்றிக்கொள்ளும் பிராணி, சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகளில் ஒரு சின்னக் கடி காயத்துக்கே செத்துப்போவதும் உண்டு. பெரும்பாலும் அதற்குக் காரணம் புண் அல்ல, புண்ணுக்குப் போட்ட மருந்து. அல்லது புண்ணையே பார்த்துக்கொண்டிருந்ததில், முயல் தின்பதை நிறுத்தியதைக் கவனிக்காமல் விட்டது.

சந்தையில் பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கும் வெள்ளை முயல்கள் ஜோடியாகத்தான் வீட்டுக்கு வரும். ஜோடி என்று கொடுத்தது இரண்டும் ஆணாக இருந்தால், நான்கு மாதத்தில் கூண்டுக்குள் சண்டை தொடங்கிவிடும். காது கிழியும், முதுகில் பல் பதியும், விதைப்பையில்கூடக் கடி விழும். கூண்டு வலையின் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனை தோலைக் கீறும். சொறி வந்த முயல் தன் காதைத் தானே பிறாண்டிப் புண்ணாக்கிக்கொள்ளும். கம்பித் தரையில் நாள் முழுக்க உட்கார்ந்தால் பின்னங்காலின் குதிப்பகுதி தேய்ந்து ரணமாகும். நாய், பூனைக்கு இருப்பது போன்ற மெத்தைப் பாதம் முயலுக்கு இல்லை. தோலுக்கும் தரைக்கும் நடுவே இருப்பது ரோமம் மட்டுமே.

முயலின் தோல் மெல்லியது, உடம்போடு இறுக ஒட்டாமல் தொளதொளவென்று இருப்பது. தோலுக்கு அடியில் மெல்லிய தசைப்படலம் ஒன்று உண்டு. முதுகிலோ விலாவிலோ காயம் பட்டால் இந்தத் தளர்ந்த தோல் நாலு பக்கமிருந்தும் இழுபட்டு, புண்ணின் வாய் வேகமாகச் சுருங்கும். முதலில் ரத்தம் உறையும். அடுத்த சில நாள் ஓரங்கள் சிவந்து லேசாக வீங்கியிருக்கும். வெள்ளணுக்கள் கிருமியையும் செத்த திசுவையும் அகற்றும் காலம் அது. பிறகு அடியிலிருந்து ரோஜா நிறத்தில் புதுச் சதை எழும்பும். ஈரமும் பளபளப்புமாக இருக்கும் அந்தச் சதையைப் பார்த்ததும் ‘புண் பெரிசாயிடுச்சு’ என்று பலர் பயந்துவிடுகிறார்கள். உண்மையில் புண் ஆறுவதற்கான நல்ல அடையாளமே அதுதான். காதில் மட்டும் தோல் குருத்தெலும்போடு ஒட்டியிருப்பதால் புண் சுருங்காது, ஆற நாளாகும்.

சீழ் விஷயத்தில் முயல் மற்ற பிராணிகளைப் போல் இல்லை. நாய்க்குக் கட்டி பழுத்தால் உடைந்து சீழ் வழிந்து ஓடும். முயலின் வெள்ளணுக்களில் சீழை இளக்கும் நொதி குறைவு. அதனால் அதன் சீழ் கெட்டித் தயிராக உறைந்து, சுற்றிலும் தடித்த உறை கட்டிக்கொள்ளும். அழுத்தினால் வெளியே வராது. உறை உள்ளுக்குள் கிழிந்து பக்கத்துத் திசுவில் பரவும். மாத்திரையும் உறையைத் தாண்டி உள்ளே போவது கடினம். பெரும்பாலும் உறையோடு சேர்த்து அறுத்து எடுக்க வேண்டியிருக்கும். ரோமத்துக்குள் மறைந்த பல் தடம் ஒன்று வெளியே மூடி, பத்து நாள் கழித்து உருண்டையாகக் கையில் தட்டுப்பட்டால் அதை வீட்டில் பிதுக்கக் கூடாது.

வீட்டில் செய்யக்கூடியதும் செய்ய வேண்டியதும் கழுவுவதுதான். முயலை ஒரு துண்டில் சுற்றி, பின்னங்கால்களைத் தாங்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. கால்கள் அந்தரத்தில் தொங்கினால் முயல் உதைக்கும், அந்த உதையிலேயே முதுகெலும்பு முறிந்துவிடக்கூடும். புண்ணைச் சுற்றியுள்ள ரோமத்தை விரலால் விலக்கிப் பார்க்கலாம். கத்தரிக்கோலில் வெட்டியே ஆக வேண்டும் என்றால், ஒரு சீப்பைத் தோலுக்கும் கத்தரிக்கும் நடுவே கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மெல்லிய தோல் ரோமத்தோடு சேர்ந்தே வெட்டுப்படும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சலைனை ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, புண்ணின் மேல் மெதுவாகப் பீய்ச்ச வேண்டும். சலைன் இல்லாவிட்டால் காய்ச்சி ஆற வைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பைக் கரைத்தாலும் அதே செறிவு வரும். மண்ணும் முடியும் வெளியேறும்வரை கழுவி, சுத்தமான துணியால் ஒற்றியெடுத்தால் போதும். பொவிடோன் அயோடின் போடுவதென்றால் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு சலைன் கலந்து போட வேண்டும். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் கிருமியோடு சேர்த்துப் புதுச் சதையின் அணுக்களையும் கொன்றுவிடும். முழு முயலையும் குளிப்பாட்டவே கூடாது.

“புண்ணுல தூவ ஏதாச்சும் பவுடர் குடுங்கண்ணா” என்று கேட்டு வாங்கி அப்புவதுதான் நம் பக்கத்துப் பழக்கம். காய்ந்தால் ஆறும் என்று நாம் நினைக்கிறோம். 1962இல் ஜார்ஜ் விண்டர் பன்றித் தோலில் செய்த சோதனையை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். பொருக்குத் தட்டிக் காய்ந்த காயத்தைவிட, பாலித்தீன் படலத்தால் மூடி ஈரம் காத்த காயத்தில் மேல்தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. புதுத் தோல் அணுக்கள் ஈரத்தில்தான் நகரும். காய்ந்த பொருக்கு குறுக்கே நின்றால் அதற்கு அடியில் சுற்றிப் போக வேண்டும்.

மஞ்சளுக்கும் இது பொருந்தும். புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் தரப்பட்ட காப்புரிமை, இந்தியாவின் சி.எஸ்.ஐ.ஆர். ஆட்சேபித்ததால் 1997இல் ரத்தானது. அது நம் பாட்டிகளுக்கு முன்பே தெரிந்த விஷயம் என்பதுதான் வாதம். மஞ்சளுக்குக் குணம் உண்டு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சமையலறை டப்பாவில் இருக்கும் மஞ்சள் தூள் கிருமி நீக்கியது அல்ல. புண்ணில் கட்டிதட்டினால் அடியில் என்ன நடக்கிறது என்றும் தெரியாது. வரப்பெல்லாம் முளைத்துக் கிடக்கும் வெட்டுக்காயப் பூண்டைப் பற்றியும் இந்திய ஆய்வகங்கள் எலிகளில் நிறையச் சோதித்திருக்கின்றன. அதைக் கிள்ளிப் போட்டால் முயல் ஆசையாகத் தின்னும். தீவனமாக அது நல்லதே. பச்சையாகக் கசக்கிப் புண்ணில் பிழிந்தால் சாற்றோடு மண்ணும் உள்ளே போகும்.

மாட்டுக்குக் கை கண்ட மருந்தை முயலுக்கும் போடுவது இன்னொரு தவறு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி பரவலாக்கிய மரபுவழி மருந்துகளில், கோமாரி கண்ட மாட்டின் கால் புண்ணுக்கான எண்ணெய் புகழ் பெற்றது. குப்பைமேனி, வெள்ளைப்பூண்டு, வேப்பிலை, மருதாணி, துளசி, மஞ்சள் ஆகியவற்றை நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ காய்ச்சிப் போடுவார்கள். அது முன்னூறு கிலோ மாட்டின் குளம்புக்கான மருந்து. இரண்டு கிலோ முயல் தன் உடம்பில் பூசியதை நக்கி நக்கி முழுவதையும் வயிற்றுக்குள் கொண்டுபோய்விடும். வெள்ளைப்பூண்டு முயலின் ரத்த அணுக்களுக்கு ஆகாது. புழு வைத்த மாட்டுப் புண்ணில் ஊற்றும் டர்பன்டைன் எண்ணெய் முயலின் தோலைப் பொசுக்கிவிடும்.

இங்கேதான் வயிறு வருகிறது. முயலின் பெருங்குடல் வாயில் வாழும் நுண்ணுயிர்கள்தான் அதன் தீனியைச் செரிக்கின்றன. வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளின்டாமைசின் போன்றவற்றை வாய்வழி கொடுத்தால் நல்ல நுண்ணுயிர்கள் மடிந்து, நச்சு உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பெருகும். கழிச்சல் கண்டு முயல் இறக்கும். ஸ்டீராய்டு கலந்த ஆயின்மென்ட் அதன் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும். நாய் உண்ணிக்கு அடிக்கும் ஃபிப்ரோனில் முயலுக்கு விஷம். சொறிக்கு ஐவர்மெக்டின் நல்ல மருந்துதான். ஆனால் எடைக்கேற்ற அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். சொறி மனிதருக்கும் தொற்றும் என்பதால் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

நக்காமல் இருக்க நாய்க்குப் போடுவது போலக் கழுத்துக் கூம்பு மாட்டினாலும் சிக்கல். முயல் தன் மென்மையான இரவுப் புழுக்கையை ஆசனவாயிலிருந்து நேராக வாயால் எடுத்துத் தின்னும். அதன் புரதமும் வைட்டமினும் அதில்தான் இருக்கின்றன. கூம்பு போட்டால் அது எட்டாது. புண்ணை நக்கிக் கிழிக்கும் முயலுக்கு மட்டும், மருத்துவர் சொன்னால் போடலாம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் வெயிலும் ஈயும் தனிப் பகை. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியை எட்டும் நாட்களில், காது வழியாகவே உடல் சூட்டை வெளியேற்றும் இந்தப் பிராணி முதலில் தீனியைக் குறைக்கும். மழை விழுந்ததும் ஈ மொய்க்கும். கழிச்சலும் மூத்திரமும் ஒட்டிய பின்பகுதியிலோ திறந்த புண்ணிலோ ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழுவாகிவிடும். இவ்வளவு சிறிய பிராணியை அவை உள்ளே தின்னத் தொடங்கினால் சில மணி நேரத்திலேயே நிலைமை முற்றிவிடும். எனவே புண் ஆறும்வரை முயலை வீட்டுக்குள் நிழலான இடத்தில் வைத்து, கூண்டின் மேல் கொசுவலை போர்த்த வேண்டும். கம்பித் தரையின் பாதிக்குக் காய்ந்த சாக்கையோ வைக்கோலையோ விரித்து, நனைந்தால் அன்றே மாற்ற வேண்டும். சண்டை போட்ட இரண்டையும் பிரித்துவிட வேண்டும்.

நாய், பூனை கடித்த காயம், வாய் பிளந்த காயம், புழு வைத்த புண், உருண்ட கட்டி, நாற்றம் அடிக்கும் புண் ஆகியவற்றை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. நாய் கடித்தது என்றால் வெறிநோய் பற்றியும் யோசிக்க வேண்டும். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் இயங்குகிறது. சேலம் மாவட்டத்தின் கிழக்கோரத்தில் தலைவாசலில் 2020இல் அடிக்கல் நாட்டிய கால்நடை ஆராய்ச்சி நிலைய வளாகத்திலும் ஒரு கல்லூரி இருக்கிறது. மாட்டாஸ்பத்திரி என்று ஊரில் சொல்லும் அரசு மருந்தகங்களிலும் முயலைக் காட்டலாம். முயல் என்று போகும் முன்பே சொல்லிவிட்டால் நல்லது.

காயம் பட்ட முயலுக்குத் தினமும் இரண்டைப் பாருங்கள்: புண்ணின் நிறம், தட்டில் விழுந்த புழுக்கை. அகத்தியோ வேலிமசாலோ வைத்தும் 12 மணி நேரம் முயல் வாய் வைக்கவில்லை, புழுக்கையும் விழவில்லை என்றால், புண் எவ்வளவு அழகாக ஆறிக்கொண்டிருந்தாலும் கூடையில் வைத்து மருத்துவரிடம் கிளம்பிவிடுங்கள்.