முற்றுப்புள்ளி இடுவது யார்?

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கப்பெற்ற காலத்தில், மாலையில் சில மணி நேரமே நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. தெருவில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால், அண்டை அயலார் அங்கே கூடினர். இரவில் ஒளிபரப்பு நின்றதும் பேசிக்கொண்டே வீடு திரும்பினர். அன்றும் தொலைக்காட்சியைக் குறித்து அஞ்சியவர்கள் இருந்தனர். ஆயினும் அத்திரை பலர் கூடிப் பார்ப்பதாய் இருந்தது; அதற்கு ஒரு முடிவும் இருந்தது.

கைப்பேசி இவ்விரண்டையும் மாற்றிவிட்டது. ஒரே கூடத்தில் அமர்ந்துள்ள நால்வர் நான்கு உலகங்களில் வாழ்கின்றனர். ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானே தொடங்குகிறது. விரலால் தள்ளத் தள்ளப் படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பார்ப்பவர் எழுந்து செல்லாதவாறு திட்டமிட்டே இவை அமைக்கப்பட்டுள்ளன. நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. கைப்பேசிக்கு அஃது இல்லை. அன்று நிலையம் இட்ட முற்றுப்புள்ளியை இன்று குடும்பமே இடவேண்டியுள்ளது.

இதனால் கைப்பேசியைப் பகையெனக் கொள்ளல் தகாது. வளைகுடா நாட்டில் உழைக்கும் தந்தை, தம் குழந்தை தவழ்வதைக் காண்பது இதன் வழியாகத்தான். தொலைவிலுள்ள பாட்டியைப் பேரனுக்குக் காட்டுவதும், அருகிலுள்ள பாட்டியை அவன் மறக்கச் செய்வதும் ஒரே கருவியே. ஆகவே, 'இது நம்மைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா?' என்று அடிக்கடி கேட்டுக்கொள்ளல் நலம்.

சிறு குழந்தைகளுக்கோ நேரக் கணக்கும் இன்றியமையாதது. இரண்டு வயது நிரம்பாதோருக்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. ஆனால் சோறூட்டும்போதே கைப்பேசியைக் கொடுத்துப் பழக்குவது நாமன்றோ? குழந்தையின் அழுகை அடங்குகிறது; தாயின் முகம் நோக்கிக் கதை கேட்டு உண்ணும் இன்பமும் அதனோடு போய்விடுகிறது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், குடும்ப அன்பைப் பற்றி 2016ஆம் ஆண்டில் எழுதிய ஊக்கவுரையில், உணவு வேளையில் ஆளுக்கொரு கைப்பேசியில் மூழ்கியிருப்பதையும், கருவியோடு பொழுதைக் கழிக்கும் துணைவருக்காகக் காத்திருந்து மற்றவர் உறங்கிவிடுவதையும் சுட்டிக்காட்டினார். குறை பிள்ளைகளிடம் மட்டும் இல்லை என்பது இதனால் விளங்கும்.

பெற்றோரே, பள்ளியில் நடந்ததைச் சொல்ல வரும் சிறுமி, திரையிலிருந்து எழாத உங்கள் கண்களைப் பார்த்து இருமுறை அழைப்பாள். மூன்றாம் முறை அழைக்கமாட்டாள். அவள் பதினைந்து வயதில் தன் துயரத்தை மறைத்தாள் என்று பின்னர் வருந்திப் பயன் என்ன?

இரவு உணவுக்கு முன் எல்லாருடைய கைப்பேசிகளும் கூடத்தில் ஓரிடத்தில் வைக்கப்படட்டும். முதலில் தந்தை வைக்கட்டும். இரவு முழுவதும் அவை அங்கேயே இருக்கட்டும். வெளியூரிலிருந்து உறவினர் அழைத்தால், அனைவரும் கூடி அமர்ந்து பேசுங்கள். உணவும் குடும்பச் செபமும் முடிந்தபின் சற்று நேரம் உரையாடுங்கள். முதல் சில நாள்கள் மௌனமே நிலவக்கூடும். பேசிப் பழகாத வீட்டில் பேச்சு திரும்பி வரச் சில நாள் ஆகும், பொறுத்திருங்கள்.