அயோடினில் ஓடும் இஞ்சின்

காயத்துக்குப் போடும் டிங்சரில் இருக்கும் அதே அயோடின், 2020 டிசம்பரில் விண்வெளியில் ஒரு செயற்கைக்கோளைத் தள்ளியது. பெய்ஹாங்கோங்ஷி-1 என்ற அந்தச் சீனச் செயற்கைக்கோளின் எடை சுமார் 20 கிலோ. இஞ்சினைச் செய்தது பிரான்சின் த்ரஸ்ட்மீ நிறுவனம்.

சிறு செயற்கைக்கோள்கள் பலவற்றில் இஞ்சினே கிடையாது. ராக்கெட் விட்ட இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். 400 கிலோமீட்டர் உயரத்தில் என்றால், அங்குள்ள மெல்லிய காற்றே உரசி உரசி ஓரிரு ஆண்டுகளில் கீழே இறக்கிவிடும். 800 கிலோமீட்டரில் நூறு ஆண்டுகளுக்கு மேலும் நீடிக்கும். செத்துப்போன பொருள் விலகிப்போகாது. 2009 பிப்ரவரியில், செயலிழந்து கிடந்த ரஷ்யாவின் காஸ்மாஸ் 2251 செயற்கைக்கோள், இயங்கிக்கொண்டிருந்த இரிடியம் 33 செயற்கைக்கோள் மீது சைபீரியாவுக்கு மேலே மோதியது. ஆயிரக்கணக்கில் சில்லுகள் சிதறின. செயற்கைக்கோள்கள் வேலை முடிந்த 5 ஆண்டுகளுக்குள் கீழே இறங்கிவிட வேண்டும் என்று அமெரிக்கா 2022-இல் விதி போட்டது. பழைய கணக்கு 25 ஆண்டு.

இறங்குவதற்கு, போகும் திசைக்கு எதிராகத் தள்ளி வேகத்தைக் குறைத்தால் போதும். மின் இஞ்சின்களில் இதற்கு வழக்கமாகப் பயன்படுவது செனான் வாயு. அது விலை அதிகம், உயர் அழுத்தத் தொட்டியும் வேண்டும். பெரிய செயற்கைக்கோளோடு ஒரே ராக்கெட்டில் ஒட்டிக்கொண்டு போகும் குட்டிக்கு அப்படியொரு தொட்டியை யார் அனுமதிப்பார்கள்? தனிம அட்டவணையில் செனானுக்குப் பக்கத்து வீடு அயோடின். அணு எடையும் ஏறக்குறைய அதே. ஆனால் திடப்பொருள், மலிவு.

சூடாக்கினால் நேரே ஆவியாகும். ரேடியோ அலைகள் அந்த ஆவியின் எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்க, மின்னழுத்தமுள்ள வலைத்தகடுகள் அயனிகளை நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் வெளியே வீசும். கிடைக்கும் உந்துவிசையோ உள்ளங்கையில் நாலு அரிசி வைத்த பாரம்தான். உராய்வு பெரிதாக இல்லாத இடத்தில், மணிக்கணக்காகத் தள்ளினால் அதுவே போதும். சோதனைகளில் மொத்தமாக 3 கிலோமீட்டருக்கு மேல் உயரம் மாறியது.

எனக்குப் பிடித்தது தொட்டிதான். ராக்கெட்டின் அதிர்வில் அயோடின் நொறுங்கிச் சுவரைவிட்டு விலகினால் சூடு ஏறாது. அதனால் நுண்துளைகள் நிறைந்த பீங்கானுக்குள் அதை ஊறவைத்திருக்கிறார்கள். இஞ்சினை அணைத்ததும் ஆவி வழியிலேயே உறைந்து, வெளியேறும் துளையை அடைத்துக்கொள்கிறது. தனி வால்வு தேவையில்லை. அயோடின் உலோகத்தை அரிக்கும் என்பதால் பாகங்களுக்குக் காப்புப் பூச்சு வேண்டும்.

சூடேறப் பத்து நிமிடம் பிடிக்கும். அது பெரிய குறையல்ல. மோதல் எச்சரிக்கை பெரும்பாலும் பல மணி நேரம் முன்பே வந்துவிடும். உண்மையான சிக்கல் வேறு: மின்சாரமோ கணினியோ செத்தால் இஞ்சினும் சும்மா கிடக்கும். ஆகவே, நல்ல நிலையில் இருக்கும்போதே, சம்பாதிக்கக்கூடிய சில மாதங்களை விட்டுக்கொடுத்து, உரிமையாளர் செயற்கைக்கோளை இறக்கியாக வேண்டும்.