உப்புச் சாடிக்குள் ஒரு பல்கலைக்கழகக் கணக்கு

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பிடித்துக்கொண்டால், யாழ்ப்பாணத்துச் சமையலறைகளில் முதலில் நனைவது உப்புச் சாடியே. கோடையில் மணல்போல் உதிர்ந்த உப்பு இரண்டொரு நாளிலே கசியத் தொடங்கும். சாடியின் அடியில் நீர் தேங்கும். மாரி காலத்தில் உப்புக் கசிவது இயல்புதானே என்று நம் தாய்மார் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், பல்கலைக்கழகத்திற் பௌதிக இரசாயனம் பயிலும் மாணவனைத் திணறச் செய்யும் கணக்கொன்று அக்கசிவினுள்ளே மறைந்திருக்கின்றது.

பௌதிக இரசாயனம் என்பது யாது? பொருள்கள் கரைவது, ஆவியாவது, ஒன்றோடொன்று தாக்கமுறுவது ஆகியவற்றை அளந்து, எண்களால் விளக்க முயலும் இயல் அது. க. பொ. த. உயர்தர வகுப்பில் இரசாயனத்தில் மிகச் சிறந்த பெறுபேறு பெற்றோரும் பல்கலைக்கழகத்தில் இப்பாடத்தைக் கண்டு கலங்குவதுண்டு. காரணம் அறிவுக் குறைவன்று, பழக்கமேயாம். பாடசாலையிலும் தனியார் கல்வி நிலையத்திலும் கடந்தகால வினாத்தாள்களைச் செய்து செய்து, வினாவைக் கண்டதும் சூத்திரத்தை நினைவுகூரும் ஆற்றல் கைகூடிவிடுகின்றது. வினாவிலே தரப்பட்ட எண்கள் யாவற்றையும் ஒருமுறை பயன்படுத்தினால் விடை வந்துவிடும் என்ற நம்பிக்கையும் வேரூன்றிவிடுகின்றது. பல்கலைக்கழக வினாவோ, வேண்டிய எண்ணைத் தராது விடும், வேண்டாததைத் தந்துவைக்கும்.

மொழியின் இடரும் உண்டு. 1974இல் யாழ்ப்பாண வளாகமாகத் தொடங்கி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றது. தமிழிற் கற்று வந்த மாணவன், வினாவை விளங்குவதற்கு ஒரு முயற்சியும், அதைத் தீர்ப்பதற்கு மற்றொரு முயற்சியும் எடுத்தல் வேண்டும். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1875ஆம் ஆண்டிலேயே "கெமிஸ்தம்" என்னும் இரசாயன நூலைத் தமிழில் வெளியிட்டார் என்பதை எண்ணும்போது சிறிது ஏக்கம் உண்டாகத்தான் செய்கின்றது. நிற்க, கணக்குக்கு வருவோம்.

"காற்றின் ஈரப்பதன் எவ்வளவுக்கு மேற்பட்டால் கறியுப்புக் கசியும்?" இதுவே வினா. எண் ஒன்றும் தரப்படவில்லை. மாணவன் முதலில் எழுதவேண்டியது சூத்திரமன்று. சாடிக்குள் நிகழ்வது யாதென்று தமிழிலே ஒரு வாக்கியம். உப்புக் கல்லின் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று படிகின்றது. உப்பு அதிற் கரைந்து நிரம்பிய கரைசலாகின்றது. அக்கரைசலின் ஆவியமுக்கத்தைக் காட்டிலும் காற்றிலுள்ள நீராவியின் அமுக்கம் மிகுந்தால் நீர் மேலும் மேலும் வந்து படியும். குறைந்தால் படலம் உலர்ந்துவிடும். ஆகவே தேடவேண்டியது நிரம்பிய உப்புக் கரைசலின் ஆவியமுக்கம். இவ்வாக்கியம் எழுதப்பட்டதும் கணக்கின் பாதி முடிந்தது எனலாம்.

இனி எண்களைத் தேடலாம். 1000 கிராம் நீரில் ஏறக்குறைய 360 கிராம் உப்புக் கரையும். நீரின் மூல் திணிவு 18. ஆகவே நீர் 55.6 மூல். உப்பின் மூல் திணிவு 58.5, ஆகவே உப்பு 6.15 மூல். கரைசலின் ஆவியமுக்கம் அதிலுள்ள நீரின் மூல் பின்னத்துக்கு விகிதசமமானது என்பது 1880களில் பிரெஞ்சு அறிஞர் ரவூல் கண்ட விதி. 55.6ஐ மொத்த மூல்களாகிய 61.7ஆற் பிரித்தால் 0.90 வரும். அஃதாவது ஈரப்பதன் நூற்றுக்கு 90ஐத் தாண்டினாலன்றி உப்புக் கசியாது.

மாணவர் பலர் இங்கே பேனாவை மூடிவிடுவர். ஆனால் உப்பு நீரிற் கரையும்போது சோடியம் அயன், குளோரைட்டு அயன் என இரண்டாகப் பிரிகின்றதன்றோ? 6.15 மூல் உப்பு 12.3 மூல் துணிக்கைகளைத் தருகின்றது. மீண்டும் கணக்கிட்டால் விடை 82.

இந்த இரண்டாம் விடையின் பின்னே ஒரு வரலாறு உண்டு. உப்புக் கரைசல்கள் விதியிலிருந்து ஏறக்குறைய இரு மடங்கு விலகுவது அக்காலத்து அறிஞரை மயக்கியது. கரைந்த உப்பு அயன்களாகப் பிரிந்தே இருக்கின்றது என்று சுவீடன் நாட்டு இளைஞர் அரேனியசு 1887இற் கூறியபோதுதான் தெளிவு பிறந்தது. அக்கருத்தின் வித்து அடங்கிய அவரது கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு 1884இல் உப்சாலாப் பல்கலைக்கழகம் மிகத் தாழ்ந்த தரமே வழங்கியிருந்தது. 1903இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் மாணவன் தன் கொப்பியில் 90ஐ வெட்டி 82 என்று எழுதும்போது, அன்று விஞ்ஞான உலகமே தாண்டிய படியொன்றைத் தானும் தாண்டுகின்றான்.

சரி, அளந்து பார்த்தால் எவ்வளவு? 75. கணக்கிற் பிழையில்லை; இயற்கைதான் விதிக்கு முற்றாக அடங்கவில்லை. ரவூலின் விதி இலட்சியக் கரைசலுக்கு உரியது. இங்கோ அயன்கள் நெருங்கி நிற்கின்றன. ஒவ்வோர் அயனும் தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்வதால், ஆவியாகத் தக்க நீர் மேலும் குறைந்துபோகின்றது. 1923இல் டெபை, ஹியூக்கல் ஆகிய இருவரும் அயன் கரைசல்களுக்கு வகுத்த கொள்கைகூட ஐதான கரைசலுக்கே பொருந்தும். இத்துணைச் செறிந்த கரைசலுக்குப் பொருந்தாது.

90, 82, 75 என்னும் மூன்று எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இடையிலுள்ள வித்தியாசம் ஒவ்வொன்றுக்கும் காரணம் கூறத் தெரிந்தவனே இப்பாடத்தைக் கற்றவன் என்பது என் துணிபு. கணிபொறியில் வந்த எட்டுத் தசம தானங்களையும் விடைத்தாளில் எழுதிவைப்பது கற்றலாகாது. மடக்கை வாய்பாட்டுக் காலத்து மாணாக்கர் விடையை முன்கூட்டி மனத்தில் மதிப்பிட்டனர். அப்பழக்கம் கைவிடப்பட்டது பெரும் நட்டமே. ஒவ்வோர் எண்ணோடும் அதன் அலகையும் எழுதிச் செல்வது மற்றொரு நற்பழக்கம். கிராமையும் மூலையும் கலந்து கூட்டும் தவறு அதிலே உடனே வெளிப்பட்டுவிடும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை ஒரு மாலை முழுவதும் ஒரே கணக்கோடு இருந்தால், நேரத்தை வீணாக்குகின்றான் என்று கடிந்துகொள்ளாதிருங்கள். என்ன கணக்கென்று கேளுங்கள். உங்களுக்கு விளங்குமாறு அவன் எடுத்துச் சொல்ல முயலும்போதே முடிச்சு அவிழ்வதுண்டு.

இதே கணக்கு ஆனையிறவு உப்பளத்திற் பெரிய அளவில் நடைபெறுகின்றது. சோளகக் காற்று வீசும் வறண்ட காலத்திலே அங்கு உப்பு விளைவதற்கும், மாரியில் விளையாமைக்கும் மழை மட்டுமே காரணமன்று. காற்றும் கரைசலும் ஒரே வெப்பநிலையில் இருக்கையில் ஈரப்பதன் 75ஐத் தாண்டினால், நிரம்பிய உப்புநீர் வற்றாது. காற்றிலிருந்து நீரை வாங்கிக்கொள்ளும். 1990இற் போரினால் நின்றுபோன அவ்வுப்பளம் நெடுங்காலத்தின் பின் மீண்டும் இயங்கத் தொடங்கியது. 2025 மார்ச்சில் அங்கே மேசையுப்புத் தொழிற்சாலையொன்றும் திறக்கப்பட்டது. உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்பு நீரை வடித்தகற்றுவது உப்பளத் தொழிலின் முறை. அதிலுள்ள மக்னீசியங் குளோரைட்டு, ஈரப்பதன் 33ஐத் தாண்டினாலே கசியும் இயல்புடையது. நன்கு வடிக்கப்படாத உப்பு, மழையில்லாத நாளிலும் சாடியை நனைப்பது இதனாலேதான்.

ஆர்வமுள்ள மாணவருக்கு இன்னொரு கணக்கு. கடல்நீரில் 1000 கிராம் நீருக்கு ஏறக்குறைய 28 கிராம் கறியுப்பு உண்டு. அந்நீர் எத்தனையில் ஒரு பங்காக வற்றும்போது உப்புப் படியத் தொடங்கும்? 360ஐ 28ஆற் பிரித்தால் பதின்மூன்றில் ஒரு பங்கு என்று வரும். உண்மையில் நீர் பத்தில் ஒரு பங்களவுக்கு வற்றும்போதே உப்புப் படியத் தொடங்கிவிடுகின்றது. பதின்மூன்று என்று விடை கண்டவர், கடல்நீரிலே குளோரைட்டைக் கொண்டுவருவது கறியுப்பு ஒன்றுதானா என்று மறுபடி பார்க்கக் கடவர்.